இரண்டாவது பிரேக்

டிசம்பர் 28, ஞாயிறு

முடிவாகிவிட்டது. பொங்கல் கழிந்து ஊட்டி போகிறோம். மூன்று நாள், எங்கள் வண்டியிலேயே. சாந்தாமணிக்கு உறைபனி பார்க்க வேண்டும்.

கல்யாணமான வருசமே கேட்டாள். அடுத்த மார்கழி என்று சொன்னேன். அப்புறம் முப்பத்திநாலு மார்கழி போய்விட்டது. கோபியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? ஒரு வருசம் லைசென்ஸ் டெஸ்ட், ஒரு வருசம் புது வண்டி, ஒரு வருசம் சும்மாவே. போன வைகாசியில் ஸ்கூலை விற்றாயிற்று. இன்று காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்த வருசம் என்னங்க சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

இத்தனைக்கும் அந்த மலைக்கு நான் நூறு தடவைக்கு மேல் போயிருக்கிறேன். ஒவ்வொரு கோஷ்டிக்கும் கடைசி வகுப்பு மலைதான். மேட்டுப்பாளையத்தில் ஆரம்பித்து குன்னூர் வரை ஏறி, ஒரு டீ குடித்துவிட்டு இறங்கிவிடுவோம். ஊரார் பெண்டாட்டிகளையெல்லாம் மலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், என் பெண்டாட்டியைத் தவிர. எழுதிப் பார்த்தால் நன்றாக இல்லை. இருந்தாலும் எழுதியாயிற்று, அடிக்கப் போவதில்லை.

முப்பது வருசம் வகுப்பு டைரி எழுதின கை இது. 'ரங்கநாயகி, ஏழாம் நாள், கிளட்சை விட அவசரம்.' இப்படி. இப்போது மாணவர்கள் இல்லை. என்னைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 30, செவ்வாய்

நாலு டயரிலும் காற்றுப் பார்த்தேன். ஸ்டெப்னியில் காற்றே இல்லை. வேறு எவனாவது இப்படி வைத்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

ஜனவரி 1, வியாழன்

சிக்கந்தர் பாய் வந்தார். மலை ரூட்டில் இருபது வருசம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுசன். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு வழியெல்லாம் வரைந்தார். சத்தி, சிறுமுகை, மேட்டுப்பாளையம். ஏறுவது குன்னூர் ரோட்டில். இறங்குவது கோத்தகிரி ரோட்டில், அது கொஞ்சம் அகலம். உறைபனிக்கு ஊட்டி தாண்டி தலைக்குந்தா. விடியறதுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், வெயில் பட்டால் கால் மணி நேரத்தில் எல்லாம் தண்ணியாகிவிடும் என்றார்.

"எறங்கறப்ப செகண்ட் கியர்ல எறங்குய்யா. பிரேக்க நம்பாத."

"பாய், இத நான் நாலாயிரம் பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கறேன்."

"அதனாலதான் சொல்றேன். சொல்லிக் குடுக்கறவன்தான் மொதல்ல மறப்பான்."

போகிற சமயத்தில் என் காலைப் பார்த்தார். "என்னய்யா, ஒத்தச் செருப்போட உக்காந்திருக்க?"

குனிந்து பார்த்தால் இடது காலில்தான் செருப்பு இருந்தது. வலது செருப்பு வாசப்படிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அங்கிருந்து நாற்காலி வரைக்கும் நடந்து வந்திருக்கிறேன். வார் தளர்ந்துபோன பழைய செருப்பு. வேறு வாங்க வேண்டும்.

ஜனவரி 3, சனி

புதுச் செருப்பு வாங்கினேன். குதிகாலுக்குப் பின்னால் வார் வைத்தது. கடைக்காரர் போட்டு நடந்து பார்க்கச் சொன்னார். "கடிக்குதுங்களா?" என்றார். கடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கழற்றினால் குதிகாலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. மட்டமான செருப்பு.

ஜனவரி 5, திங்கள்

சர்க்கரை டாக்டரிடம் போக வேண்டிய நாள். என்னிடம் படித்தவர்களின் பிள்ளை வயசு இருக்கும் அவருக்கு. படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே தொடுவார். தொடும்போது 'தெரியுது' என்று நான் சொல்ல வேண்டும். முப்பது வருசம் பரீட்சை வைத்தவன் நான், எனக்குத் தெரியாதா பரீட்சை எப்படி நடக்கும் என்று. ஒரு தாளம் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனேன். தெரியுது. தெரியுது. தெரியுது.

"ஐயா, நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கலீங்க" என்றார். நர்சம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் ஏதேதோ சொன்னார். நரம்பு, ரத்த ஓட்டம், தினமும் காலைக் கழுவிப் பார்ப்பது. வண்டி ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். மாத்திரை எழுதினார்.

டாக்டர் என்ன சொன்னார் என்று சாந்தாமணி கேட்டாள். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, பொங்கலுக்கு வெல்லத்தைக் குறை என்றேன். பொய்யொன்றும் இல்லை, ஏறித்தான் இருக்கிறது.

ஜனவரி 8, வியாழன்

வண்டியை ஒரு ஓட்டம் பார்க்கலாம் என்று தனியாகச் சத்தி வரை கிளம்பினேன். புதுச் செருப்பை நம்பாமல் வெறுங்காலில் ஓட்டினேன். பாதி வழியில் ஒரு வெள்ளாட்டு மந்தை ரோட்டைக் கடந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி சீறிக்கொண்டு முன்னால் போயிற்று. இன்னும் அழுத்தினேன், இன்னும் சீறியது. குனிந்து பார்த்தால் கால் ஆக்சிலேட்டர் மேல் இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன்.

ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேய்க்கிற அம்மா கண்ணாடியைத் தட்டி, "ஏனுங்க, கண்ணு தெரியாதுங்களா?" என்று கேட்டது. கண் நன்றாகத் தெரிகிறது. போன மாசம்தான் சோதித்தேன்.

திரும்பி வரும்போது முப்பதுக்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்துக் காலை வைத்தேன். காலைப் பார்த்தால் ரோட்டைப் பார்க்க முடியாது. செருப்பில்லாமல் ஓட்டியதுதான் தப்பு.

ஜனவரி 9, வெள்ளி

வண்டியை எடுக்கவில்லை. துடைத்து வைத்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

நல்ல யோசனை ஒன்று வந்தது. சாந்தாமணி ஓட்டட்டும்.

அவள் லைசென்ஸ் வாங்கி இருபத்தேழு வருசம் ஆகிறது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகவே ஓட்டுவாள், ஆனால் தனியாக எடுக்க மாட்டாள். கோயிலோ சந்தையோ, இடது சீட்டில் நான் இருக்க வேண்டும். எங்கள் வண்டி ஸ்கூல் வண்டி. விற்றபோது இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். இடது பக்கமும் காலடியில் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு, சொல்லிக்கொடுக்கிறவன் மிதிப்பதற்கு. படிக்கிறவர் தடுமாறினால் நான் மிதிப்பேன், வண்டி நின்றுவிடும். "உங்க கால் அங்க இருந்தாத்தானுங்க எனக்குக் கை வருது" என்பாள் சாந்தாமணி. ஸ்கூலில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

மத்தியானம் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"மலைக்கு நீதான் ஓட்டற."

"வெளையாடாதீங்க."

"நெசமாத்தான். நூறு தடவ போனவனுக்கு ஒரு தடவையாவது வேடிக்கை பாக்கக் குடுத்து வெக்க வேண்டாமா?"

"நீங்க வேடிக்கை பாத்தா பிரேக்க யாருங்க பாக்கறது?"

"அத என்ற கால் பாத்துக்கும். கால் என்ன சன்னல்லயா எட்டிப் பாக்கப் போவுது?"

சிரித்துவிட்டாள். ரசத்தை ஊற்றினாள். "சரிங்க. உங்க கால் இருக்கறப்ப எனக்கென்ன பயம்" என்றாள்.

எல்லாம் ஒழுங்காகிவிட்டது.  

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வெல்லம் குறைத்துத்தான் வைத்தாள். எனக்கு ருசியாகவே தெரிந்தது.

ஜனவரி 17, சனி

நாலு நாளாக வாய்க்கால் மேட்டில் அவளுக்கு மலை ஒத்திகை. சரிவில் நிறுத்தி, பின்னால் நழுவாமல் எடுக்க வேண்டும். முதல் நாள் மூன்று தடவை இன்ஜின் நின்றது. இன்று பத்துக்குப் பத்து. ஐம்பத்தாறு வயசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறாள். 'ஏறுகிற வண்டிக்கு முதலில் வழி. வளைவுக்கு முன்னால் கியர் குறை, வளைவில் குறைக்காதே.' அடுப்படியில் நின்றுகொண்டு முணுமுணுக்கிறாள். இவ்வளவு சந்தோசமாக அவளைப் பார்த்து நாளாயிற்று.

மலைக்கு வண்டி கொண்டுபோக இ-பாஸ் எடுத்தேன். வண்டி நம்பர் கேட்டது, எத்தனை பேர் என்று கேட்டது, எங்கே தங்கல் என்று கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவள் கடைக்குப் போயிருந்தபோது, நிறுத்தியிருந்த வண்டியில் இடது சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கைத் தேடிப் பார்த்தேன். பத்து தடவை. நாலு தடவை கிடைத்தது. மற்ற ஆறு தடவையும் மிதித்துவிட்டதாகத்தான் நினைத்தேன், கண்ணைத் திறந்தால் கால் ரப்பர் விரிப்பில் இருந்தது. இது நின்ற வண்டியில். ஓடும்போது பழக்கத்தில் கால் தானாகப் போய்விடும்.

ஜனவரி 19, திங்கள்

மூட்டை கட்டியாயிற்று. பிளாஸ்டிக் பாட்டிலை மலையடிவாரத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று தண்ணீருக்குத் தூக்குப்போசி. புளிசாதம். இரண்டு ஸ்வெட்டர். எனக்கு ஒரு குரங்குக் குல்லா. நாளைக்குப் போகாமலே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் சூட்கேஸ் மேல் உட்கார்ந்து மூடுவதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய். ஊட்டி

பத்திரமாக வந்து சேர்ந்தோம். காலையில் ஆறு மணிக்குக் கிளம்பி, மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிட்டு, கல்லாறு பாக்குத் தோப்பெல்லாம் தாண்டி மலை ஏறினோம். அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியில் விரல் மூட்டெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. முதல் வளைவு திரும்பினதும் மூச்சை விட்டாள். "ஒண்ணு" என்றாள். ஒவ்வொரு வளைவையும் எண்ணிக்கொண்டு வந்தாள்.

பர்லியாறில் டீக்கு நிறுத்தினோம். முந்தின நாள் மழை பெய்திருக்கிறது போல, கடை முன்னால் ஒரே செஞ்சேறு. ஷூ முழுக்க அப்பிக்கொண்டது.

அதற்கு மேலே ஒரு வளைவில் சுற்றுலா வேன் ஒன்று, இறங்கி வந்தவன் அகலமாகத் திருப்பி எங்கள் பக்கத்துக்கே வந்துவிட்டான். எங்களுக்கு இடப்பக்கம் இடுப்பளவு சுவர், அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. சரியான நேரத்தில் நான் இரண்டாவது பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நின்றது. வேனுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவு இடம் இருந்தது. வேன்காரன் கையைக் காட்டிவிட்டுப் பின்னால் எடுத்துக்கொண்டான்.

சாந்தாமணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "நல்லவேள, நீங்க புடிச்சீங்க" என்றாள். தலையை ஆட்டினேன்.

குன்னூரில் அவள் முகம் கழுவப் போனபோது என் பக்கத்துக் காலடியைத் துணி வைத்துத் துடைத்தேன். விரிப்பில் நாலைந்து இடத்தில் சேறு அப்பியிருந்தது. பிரேக் சுத்தமாக இருந்தது. அதையும் ஒரு தடவை துடைத்தேன்.

லாட்ஜ் பரவாயில்லை. வெந்நீர் வருகிறது.

ஜனவரி 21, புதன். ஊட்டி

நேற்று எழுதியதில் ஒரு வரி பொய். அதை அப்புறம் எழுதுகிறேன். முதலில் காலையில் நடந்தது.

லாட்ஜ்காரர் சொன்ன ஜீப்பில் தலைக்குந்தா போனோம். அவ்வளவு இருட்டில் அவள் ஓட்ட வேண்டாம் என்று ஏற்கெனவே பேசிவைத்திருந்தது. விடிய விடியத்தான் தெரிந்தது. அந்தப் பள்ளம் முழுக்க வெள்ளை. கோலமாவைச் சலித்துக் கொட்டியது போலப் புல்லெல்லாம் மூடிக் கிடந்தது. யார் வீட்டு ஸ்கூட்டரோ, சீட்டெல்லாம் வெள்ளை. நாலு பேர் சுள்ளி கொளுத்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

சாந்தாமணி செருப்பைக் கழற்றினாள், புல்லில் இறங்கினாள். நறநறவென்று சத்தம். ஐந்தாறு அடி வைத்ததும் துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள், சின்னப் பிள்ளை மாதிரி. "ஐயோ, தீ மாதிரி சுடுதுங்க. வாங்க, நீங்களும் வாங்க" என்று என்னை உட்கார வைத்து ஷூவையும் சாக்ஸையும் அவளே உருவினாள்.

நின்றோம். அவளால் நிற்க முடியவில்லை, கால் மாற்றிக் கால் தூக்கிக்கொண்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எப்படிக் கடிக்குது பாருங்க." நானும் ஆமாம் ஆமாம் என்றேன். அவள் ஓடிப்போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். எனக்கு ஓடிவர வேண்டும் என்று தோன்றவில்லை. சூரியன் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். அவள் எவ்வளவு நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏனுங்க. உங்களுக்குச் சில்லுன்னு இல்லீங்களா?"

இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இல்ல" என்றேன்.

ஓடிவந்து என்னை இழுத்து, கல்லில் உட்கார வைத்து, கால் இரண்டையும் எடுத்துத் தன் மடியில் வைத்துச் சால்வையால் சுற்றித் தேய்த்தாள். விரல் நுனியெல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது. அவள் தேய்ப்பதைப் பார்த்தேன். பார்க்கத்தான் முடிந்தது.

"எத்தன நாளா?"

"ஆடி மாசத்துலருந்து."

"டாக்டருக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். ஓட்டக் கூடாதுன்னு சொன்னாரு. அதனாலதான் உன்னைய ஓட்டச் சொன்னேன்."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அவள் நினைப்பு எங்கே போய் நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது. நானே சொல்லிவிட்டேன். நேற்று அந்த வளைவில் நான் பிடிக்கவில்லை. மிதித்தேன், நாலைந்து தடவை மிதித்தேன், எல்லாம் விரிப்பின் மேல். வண்டியை நிறுத்தியது அவள்தான்.

"அப்ப மலை முச்சூடும் நான் தனியாவா ஓட்டிட்டு வந்தேன்?"

"ஆமா."

"எனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? உங்களுக்கு ஆயிருந்தா?" குரல் உயரவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்க கால நம்பி வந்தனே. இல்லாத ஒண்ண நம்பி வந்திருக்கறனே."

என் காலுக்குச் சாக்ஸைப் போட்டுவிட்டு எழுந்து ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெயில் வந்துவிட்டது. பனியெல்லாம் தண்ணியாகிக்கொண்டிருந்தது.

 லாட்ஜுக்கு வந்ததும், இனிமேல் அந்த வண்டியைத் தொட மாட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். சிக்கந்தர் பாய்க்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.  "நாளைக்கு மொத பஸ்ஸப் புடிச்சு வர்றேன். நீ சாவியத் தொட்டராத" என்றார். திட்டவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

சாயங்காலம் அவள் தனியாக மார்க்கெட் போய் டீயில் நனைத்துத் தின்கிற வர்க்கி வாங்கி வந்தாள். எனக்கு ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குத் துரோகம் செய்துவிட்டேன். வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஜனவரி 22, வியாழன். கோபி

காலையில் குளித்துவிட்டு வந்தால் அவள் மூட்டையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டாள். சாவி அவள் கையில் இருந்தது.

"பாய வர வேண்டாம்னு சொல்லிட்டனுங்க."

"சாந்தா, எறங்கறது வேற. ஏறுறது மாதிரி இல்ல."

"தெரியும். நோட்டுல எழுதியிருக்கறேன்." இடது கதவைத் திறக்கப் போனேன். "அங்க வேண்டாமுங்க. பின்னாடி உக்காருங்க."

முப்பது வருசத்தில் நான் என் வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்ததில்லை. முட்டி இடிக்கிறது. எத்தனை பேர் எப்படி உட்கார்ந்தார்களோ. அவள் உள்கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். "எனக்கு உங்க மூஞ்சி வேண்டாம், ரோடு தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

கோத்தகிரி தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. செகண்ட் கியர். இன்ஜின் முனகிக்கொண்டே இறங்கியது. தேயிலைத் தோட்டம், மேகம், தூரத்தில் கீழே சமவெளி, எல்லாம் இருந்தது. நான் பார்த்தது அவள் பிடரியை. வியர்த்திருந்தது. வளைவு வரும்போதெல்லாம் என் கால் தானாக எழும்பித் தரையை மிதித்தது. நான் கண்ணால் பார்த்ததனால் சொல்கிறேன்.

பாதி மலையில் எதிரே ஒரு விறகு லாரி ஏறி வந்தது, ரோட்டை அடைத்துக்கொண்டு. அவள் நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக் போட்டாள். கண்ணாடி பார்த்து, பத்தடி பின்னால் எடுத்து, ஒதுங்கி வழி விட்டாள். லாரிக்காரர் கையைத் தூக்கிவிட்டுப் போனார்.   நாலாயிரம் பேருக்குக் கற்றுக்கொடுத்ததில் இவ்வளவு சுத்தமாக அதைச் செய்தவர்கள் குறைவு.

மேட்டுப்பாளையத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினாள்.  டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாமச் சொல்லோணும்."

"கேளு."

"இந்த இருவத்தேழு வருசத்துல நீங்க எத்தன தடவ புடிச்சிருப்பீங்க?"

இதைக் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு ஐம்பது, நூறு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள்.

"மொத ஆறு மாசம் புடிச்சேன்."

"அப்பறம்?"

"அப்பறம் புடிக்கல."

"புடிக்கலைன்னா?"

"தேவப்படல சாந்தா. சும்மா கால வெச்சிருந்தேன்."

டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒவ்வொரு தடவையும் வண்டி நின்னப்பறம் உங்களப் பாத்துச் சிரிப்பனே. நீங்களும் தலைய ஆட்டுவீங்களே."

"ஆமா."

"ஏனுங்க சொல்லல?"

என்னிடம் காரணங்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் இதற்கு ஒன்றுதான் இருந்தது. "சொல்லியிருந்தா நீ தனியாப் போயிருப்ப" என்றேன்.

"எங்கீங்க போயிருப்பேன்?" என்றாள். அவளே சொன்னாள். "நம்பியூர் போயிருப்பேன். அம்மாவுக்கு இழுத்துட்டுக் கெடக்குதுன்னு போன் வந்தன்னைக்கு, வண்டி வாசல்ல நின்னுச்சு. சாவி ஆணியில தொங்குச்சு. நீங்க கிளாஸ் முடிச்சு வர்ற வரைக்கும், ரண்டு மணி நேரம், வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துட்டிருந்தேன். பொழுதோட நாம போறப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு."

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆறேகால் மணிக்கு நான் வந்தேன். வந்ததும் அவள் ஓடிவந்து வலது கதவைத் திறந்து உட்கார்ந்து, எனக்காக இடது கதவைத் திறந்து வைத்தாள். பதினெட்டு கிலோமீட்டரும் அவள்தான் ஓட்டினாள். நான் ஒரு தடவைகூடக் காலை அசைக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். கேட்டது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. டீக்கடைக்காரர் வேறு ஏதாவது வேண்டுமா என்று வந்து நின்றார்.

மூன்றரை மணிக்கு வீடு வந்தோம். மூட்டையை இறக்கினாள். எனக்குக் கால் கழுவ வெந்நீர் வைத்து, சூடு எப்படி என்று அவளே கையை விட்டுப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் பார்த்துத் துடைத்தாள். நாளைக்கு டாக்டரிடம் இரண்டு பேரும் போகிறோம் என்றாள். அப்புறம் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"நம்பியூர் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்."

அங்கே இப்போது யாரும் இல்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. எதற்கு என்று கேட்கவில்லை, நானும் வரட்டுமா என்றும் கேட்கவில்லை. கேட்டை மட்டும் திறந்துவிட்டேன். இண்டிகேட்டர் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, திரும்பிப் போனாள். இடது சீட்டில் அவள் கைப்பை இருந்தது.

அவள் கிளம்பினது நாலு அம்பதுக்கு. போக அரைமணி, வர அரைமணி. இப்போது மணி ஆறு அம்பது. பயமாகத்தான் இருக்கிறது, அவள் ஓட்டுவதை நினைத்து இல்லை. ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். வாசலுக்கும் ரோட்டுக்கும் நாலு தடவை நடந்தாயிற்று. தோசைக்குச் சட்னி அரைத்து வைத்திருக்கிறேன்.